அரசு கொட்டிய பணம் உதவியதா? அமெரிக்க ஊக்குவிப்புத் திட்டங்களும் மக்கள் கருத்தும்

2010 பிப்ரவரியில் சிபிஎஸ் தொலைக்காட்சியும் நியூயார்க் டைம்ஸ் நாளிதழும் சேர்ந்து அமெரிக்காவில் ஒரு கருத்துக்கணிப்பு எடுத்தன. ஒபாமா அரசு பெரும்பாலான மக்களுக்கு வரியைக் குறைத்திருக்கிறதா, கூட்டியிருக்கிறதா, அப்படியே விட்டிருக்கிறதா என்று ஒரு கேள்வி. குறைத்திருக்கிறது என்று சொன்னவர்கள் 12 சதவீதம்தான். ஆனால் அதற்கு ஓராண்டு முன்பே வரிக்குறைப்பு சட்டமாகிவிட்டது, வேலைக்குப் போகும் குடும்பங்களில் மிகப் பெரும்பாலானவற்றுக்கு ஒவ்வொரு சம்பளத்திலும் அந்தப் பணம் வந்துகொண்டும் இருந்தது.

மக்களுக்கு விவரம் போதாது என்று சொல்லி இதைக் கடந்து போவது எளிது. ஆனால் அது சரியான பதில் இல்லை. அரசு நெருக்கடி காலத்தில் செலவழிக்கும் பணத்தைப் பற்றி மக்கள் என்ன நினைக்கிறார்கள், கட்சிகள் ஏன் அப்படிச் சண்டை போடுகின்றன என்பதைப் புரிந்துகொள்ள இந்த 12 சதவீதத்திலிருந்து தொடங்கலாம். முதலில் ஊக்குவிப்புத் திட்டம் என்றால் என்ன என்று பார்த்துவிடுவோம்.

இந்தியானா மாநிலத்தில் எல்கார்ட் என்று ஒரு ஊர். படுக்கை, சமையலறை எல்லாம் வைத்து வீடு மாதிரி கட்டிய பெரிய வண்டிகளைத் தயாரிக்கும் ஊர் அது. 2008இல் பெட்ரோல் விலை ஏறியது, அப்புறம் வங்கிகள் கடன் கொடுப்பதை நிறுத்தின, அந்த வண்டிகளை வாங்க ஆள் இல்லாமல் போனது. ஒரே ஆண்டில் அந்தப் பகுதியின் வேலையின்மை விகிதம் 4.7 சதவீதத்திலிருந்து 15.3 சதவீதத்துக்குப் போனது. இப்போது வேலை போன தொழிலாளி என்ன செய்வார்? வெளியே சாப்பிடுவதை நிறுத்துவார், பழைய காரையே ஓட்டுவார், வீட்டுக்கூரையைச் சரிசெய்வதைத் தள்ளிப்போடுவார். அதனால் உணவகத்தில் பரிமாறுபவருக்கும் கூரை வேலை செய்பவருக்கும் வருமானம் போகும். வேலை போகாதவர்கூட அடுத்தது நாம்தானோ என்று பயந்து கையை இறுக்கிக்கொள்வார். ஒருவருடைய செலவுதான் இன்னொருவருடைய வருமானம் என்பதால், எல்லோரும் ஒரே நேரத்தில் சிக்கனமாக இருந்தால் எல்லோருடைய வருமானமும் சேர்ந்து சுருங்கும்.

இந்தச் சுருளை உடைக்க யாராவது செலவழித்தாக வேண்டும், மக்களும் நிறுவனங்களும் செலவழிக்காதபோது கடன் வாங்கியாவது அரசு செலவழிக்க வேண்டும் என்பது 1930களின் பெருமந்தத்தின்போது பிரிட்டிஷ் பொருளாதார அறிஞர் ஜான் மேனார்ட் கெய்ன்ஸ் முன்வைத்த வாதம். இப்படி அரசு செய்யும் செலவையும் வரிக்குறைப்பையும்தான் ஊக்குவிப்புத் திட்டம் என்கிறார்கள். அரசு போடும் ஒரு டாலர் பல கைகள் மாறி ஒரு டாலருக்கும் அதிகமான வருமானத்தை உண்டாக்கும் என்பதைப் பெருக்கி விளைவு என்பார்கள். எதிர்த் தரப்புக்கும் வலுவான வாதங்கள் உண்டு. அரசு கடன் வாங்கும்போது வட்டி ஏறித் தனியார் முதலீட்டை ஒதுக்கித் தள்ளிவிடும் என்பது ஒன்று. இன்றைய கடன் நாளைய வரி என்று மக்கள் கணக்குப் போட்டு, கிடைத்த பணத்தைச் சேமித்துவிடுவார்கள் என்பது இன்னொன்று. ஹார்வர்டின் பொருளாதாரப் பேராசிரியர் ராபர்ட் பாரோ இந்தப் பக்கம் நிற்பவர். 2009இல் முதல் வாதம் அமெரிக்காவுக்கு அவ்வளவாகப் பொருந்தவில்லை என்றுதான் நான் நினைக்கிறேன், ஏனென்றால் 2008 டிசம்பரிலேயே மத்திய வங்கியான பெடரல் ரிசர்வ் வட்டியை ஏறத்தாழ பூஜ்யத்துக்கு இறக்கியிருந்தது.

2009 சட்டம்

2009 பிப்ரவரி 17 அன்று டென்வரில் ஒபாமா கையெழுத்திட்ட ஊக்குவிப்புச் சட்டத்தின் மதிப்பு அன்றைய கணக்கில் 78,700 கோடி டாலர். (பிறகு 83,100 கோடி என்று திருத்தினார்கள்.) பிரதிநிதிகள் சபையில் அதற்கு ஆதரவாக ஒரு குடியரசுக் கட்சி வாக்குகூட விழவில்லை. செனட்டில் மூன்றே பேர்: சூசன் காலின்ஸ், ஒலிம்பியா ஸ்னோ, ஆர்லன் ஸ்பெக்டர். இரண்டு மாதம் கழித்து ஸ்பெக்டர் கட்சியே மாறிவிட்டார்.

ஃபுளோரிடாவின் குடியரசுக் கட்சி ஆளுநர் சார்லி கிறிஸ்ட்டின் கதை இன்னும் தெளிவானது. திட்டத்தை ஆதரித்து ஃபோர்ட் மயர்ஸ் நகரில் ஒபாமாவோடு மேடையேறி, அவரைக் கட்டித் தழுவினார். அந்தப் புகைப்படமே அவருக்கு எதிரான ஆயுதம் ஆனது. அடுத்த ஆண்டு செனட் தேர்தலில் கட்சிக்குள் மார்கோ ரூபியோவை எதிர்த்து நிற்க முடியாத நிலை வந்து, கட்சியை விட்டு வெளியேறிச் சுயேச்சையாக நின்று தோற்றார். மாநிலத்துக்கு வந்த பணத்தால் அவருக்கு எந்த அரசியல் பாதுகாப்பும் கிடைக்கவில்லை, ஒரு அணைப்பு அவருடைய கட்சி வாழ்க்கையையே முடித்தது. இதைப் பார்த்த மற்ற குடியரசுக் கட்சித் தலைவர்கள் என்ன பாடம் கற்றிருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

அப்படியென்றால் அந்தக் கட்சிக்காரர்கள் பணத்தை வேண்டாம் என்றார்களா என்றால், அதுவும் இல்லை. எதிர்த்து வாக்களித்த பிரதிநிதிகள் சபை உறுப்பினர் பால் ரயன் தன் விஸ்கான்சின் மாநில அமைப்புகளுக்கு அதே நிதியைக் கேட்டுக் கடிதம் எழுதியிருந்தது பின்னர் வெளியே வந்தது. தன் தொகுதி மக்களுக்குக் கேட்பதில் தவறில்லை என்றுகூட வாதிடலாம். ஆனால் இதனால் வாக்காளருக்குக் கிடைக்கும் சித்திரம் குழம்பிப்போகிறது: பணம் வந்தது தெரியும், அது எந்தச் சட்டத்தில் வந்தது, யார் எதிர்த்தார்கள் என்பது தெரியாது.

இரண்டு கட்சிகளையும் ஒரே தராசில் வைத்துப் பார்க்க வேண்டும். 2008 பிப்ரவரியில் புஷ் கொண்டுவந்த சுமார் 15,000 கோடி டாலர் திட்டத்துக்கு, ஆளுக்கு 600 டாலர் வரை கையில் கொடுத்த திட்டம் அது, இரு கட்சிகளும் சேர்ந்து வாக்களித்தன. அப்போதும் அரசின் வரவுசெலவில் பற்றாக்குறை இருந்தது, யாரும் அதற்காகத் தெருவுக்கு வரவில்லை. ஓராண்டில் அதிபர் மாறியதும் குடியரசுக் கட்சிக்குக் கடன் பெரும் கவலையாகிவிட்டது. 2017 டிசம்பரில் டிரம்ப்பின் வரிக்குறைப்பு வந்தபோது நிலைமை தலைகீழ். பற்றாக்குறையைப் பற்றிப் பேசியது ஜனநாயகக் கட்சி, அவர்களில் ஒருவர்கூட ஆதரித்து வாக்களிக்கவில்லை. ஆனாலும் ஒரு வேறுபாட்டைக் குறிப்பிட்டாக வேண்டும்: நெருக்கடி வந்த 2008இலும் 2020இலும் ஆட்சியில் இருந்தது குடியரசுக் கட்சி அதிபர், அவர் கேட்ட நெருக்கடிச் செலவுக்கு ஜனநாயகக் கட்சி பெருமளவில் வாக்களித்தது. 2009இலும் 2021இலும் அந்தப் பக்கத்திலிருந்து அதே கை நீளவில்லை.

இப்போது அந்த 12 சதவீதத்துக்கு வருவோம். 2009 சட்டத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு வரிச்சலுகை. அதில் முக்கியமானது தனிநபருக்கு 400 டாலரும் தம்பதிக்கு 800 டாலரும் கொடுத்த சலுகை. இதைக் காசோலையாக அனுப்பவில்லை. சம்பளத்தில் பிடிக்கும் வரியைக் கொஞ்சம் குறைத்தார்கள், வாரத்துக்குச் சுமார் 13 டாலர் கூடுதலாகக் கைக்கு வந்தது, அவ்வளவுதான். வேண்டுமென்றேதான் அப்படிச் செய்தார்கள். மொத்தமாக ஒரு தொகை கிடைத்தால் மக்கள் வங்கியில் போட்டுவிடுவார்கள், இல்லாவிட்டால் கடனை அடைப்பார்கள், கண்ணுக்குத் தெரியாமல் கொஞ்சம் கொஞ்சமாக வந்தால் செலவழித்துவிடுவார்கள், அதுதான் பொருளாதாரத்துக்கு நல்லது என்பது அவர்கள் கணக்கு.

அதாவது யாரும் கவனிக்கக்கூடாது என்று வடிவமைத்தார்கள். யாரும் கவனிக்கவில்லை. கவனிக்காத உதவிக்கு நன்றி எங்கிருந்து வரும்? இதில் இன்னும் வருத்தமான விஷயம், அந்தப் பொருளாதாரக் கணக்கே பிழையாக இருந்திருக்கலாம் என்பது. பொருளாதார ஆய்வாளர்கள் கிளாடியா சாம், மேத்யூ ஷபிரோ, ஜோயல் ஸ்லெம்ராட் ஆகியோர் பின்னர் செய்த ஆய்வில், 2008இல் மொத்தமாகப் பணம் வாங்கியபோது அதைப் பெரும்பாலும் செலவழித்ததாகச் சொன்ன குடும்பங்கள் 25 சதவீதம், 2009இன் வரிப்பிடித்தக் குறைப்பில் அது 13 சதவீதம்தான். அரசியலிலும் நட்டம், பொருளாதாரத்திலும் குறைந்த பலன்.

சரி, வரிச்சலுகையை விடுங்கள். பணத்தின் இன்னொரு பெரும்பகுதி, 14,000 கோடி டாலருக்கும் மேல், மாநில அரசுகளுக்குப் போனது. ஏழைகளுக்கான மெடிக்கெய்ட் மருத்துவக் காப்பீட்டுக்கும் பள்ளிகளுக்கும். அமெரிக்க மாநிலங்களில் மிகப் பெரும்பாலானவை தங்கள் வரவையும் செலவையும் சமமாக வைத்தாக வேண்டும், மத்திய அரசைப் போல விருப்பத்துக்குக் கடன் வாங்க முடியாது. வரி வருமானம் விழுந்ததும் அவை ஆசிரியர்களை நிறுத்தும் நிலைக்கு வந்தன. நிதி வந்ததால் பலர் வேலையில் நீடித்தார்கள். ஆனால் செப்டம்பரில் வழக்கம்போல் வகுப்புக்குப் போன ஆசிரியரைப் பற்றி எந்தத் தொலைக்காட்சியும் செய்தி போடாது. ஆசிரியருக்கேகூடத் தன் வேலை அந்தச் சட்டத்தால் நின்றது என்று தெரிந்திருக்காது. மாறாக, அரசின் 53.5 கோடி டாலர் கடன் உத்தரவாதம் பெற்ற சோலிண்ட்ரா என்ற சூரியத்தகடு நிறுவனம் 2011இல் திவாலானபோது அது மாதக்கணக்கில் செய்தி ஆனது. மொத்தச் செலவில் ஒரு சதவீதத்துக்கும் குறைவான தொகை அது. திட்டம் என்றாலே பலருக்கு நினைவுக்கு வருவது அதுதான்.

2010 ஜனவரியில் சிஎன்என் எடுத்த கணிப்பில், ஊக்குவிப்புப் பணத்தில் குறைந்தது பாதியாவது வீணாகிவிட்டது என்று நான்கில் மூன்று பேருக்கு நெருக்கமானவர்கள் சொன்னதற்கு இதெல்லாம் சேர்ந்துதான் காரணம் என்பது என் கருத்து. சாலை வேலைகளும் சொன்ன வேகத்தில் நடக்கவில்லை. உடனே மண்வெட்டியோடு இறங்கத் தயாரான திட்டங்கள் என்று ஆரம்பத்தில் பெரிதாகப் பேசினார்கள், அப்படி ஒன்று உண்மையில் கிடையாது என்று 2010இல் ஒபாமாவே ஒத்துக்கொண்டார்.

இன்னொரு குழப்பமும் இருந்தது. வங்கிகளைக் காப்பாற்ற 2008 அக்டோபரில் புஷ் கையெழுத்திட்ட 70,000 கோடி டாலர் மீட்பு நிதி வேறு, ஒபாமாவின் ஊக்குவிப்புச் சட்டம் வேறு. ஆனால் 2010 ஜூலையில் பியூ ஆய்வு மையம் கேட்டபோது, வங்கி மீட்பும் ஒபாமா காலத்தில் வந்ததுதான் என்று 47 சதவீதம் பேர் சொன்னார்கள், புஷ் என்று சரியாகச் சொன்னவர்கள் 34 சதவீதம். வங்கிக்காரர்களைக் காப்பாற்றிவிட்டு எங்களைக் கைவிட்டார்கள் என்ற கோபம் நியாயமானது, ஆனால் அது போய் விழுந்தது ஆசிரியர்களுக்குச் சம்பளம் கொடுத்த சட்டத்தின்மீது. (நம்மவர்களுக்கு இந்தச் சட்டம் வேறு விதத்தில் நினைவிருக்கலாம்: மீட்பு நிதி வாங்கிய வங்கிகள் ஹெச்-1பி விசாவில் புதிதாக ஆள் எடுக்க இரண்டாண்டுகளுக்குக் கூடுதல் நிபந்தனை விதித்த பிரிவும் இதற்குள்தான் இருந்தது.)

நடக்காமல் போனதை எப்படி அளப்பது

எல்லாவற்றுக்கும் அடியில் இருக்கும் சிக்கல் இதுதான், இதைப் புரிந்துகொண்டால் பாதி விவாதம் தெளிந்துவிடும். ஒரு திட்டம் உதவியதா என்று கேட்டால், அது இல்லாமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று தெரிய வேண்டும். அந்த இன்னொரு அமெரிக்காவை யாரும் பார்த்ததில்லை.

2009 ஜனவரியில், இன்னும் பதவியேற்காத ஒபாமாவின் பொருளாதார ஆலோசகர்கள் கிறிஸ்டினா ரோமரும் ஜாரெட் பெர்ன்ஸ்டைனும் ஒரு வரைபடம் வெளியிட்டார்கள். திட்டம் வந்தால் வேலையின்மை சுமார் 8 சதவீதத்தில் நிற்கும், வராவிட்டால் 9 சதவீதத்தை ஒட்டிப் போகும் என்றது அது. திட்டம் வந்தது. அந்த ஆண்டு அக்டோபரில் வேலையின்மை 10 சதவீதத்தைத் தொட்டது. திட்டம் இல்லாவிட்டால் வரும் என்று பயமுறுத்திய அளவைவிட, திட்டத்தோடு வந்த அளவு மோசம்! எதிர்க்கட்சிக்கு இதைவிட நல்ல பிரச்சாரம் வேறு கிடைக்குமா? 2010 நவம்பர் தேர்தலில் குடியரசுக் கட்சி பிரதிநிதிகள் சபையில் 63 இடங்களைக் கூடுதலாகப் பிடித்ததில் அந்த 8 சதவீத வாக்குறுதிக்கும் ஒரு பங்கு உண்டு.

ஆதரவாளர்களின் விளக்கம்: வரைபடம் போட்ட நாளில் பள்ளத்தின் ஆழம் யாருக்கும் தெரியவில்லை. 2008இன் கடைசிக் காலாண்டில் பொருளாதாரம் ஆண்டுக்கு 3.8 சதவீத வேகத்தில் சுருங்கியது என்றுதான் முதலில் அறிவித்தார்கள். பின்னால் திருத்திய கணக்கில் அது 8 சதவீதத்துக்கும் மேல். அதனால் மருந்து பலிக்கவில்லை என்பதல்ல, நோயைக் குறைவாக எடைபோட்டு மருந்தையும் குறைவாகக் கொடுத்துவிட்டார்கள் என்பது பொருளாதார அறிஞர் பால் குரூக்மன் போன்றோரின் வாதம். அவர் சட்டம் வருவதற்கு முன்பே தொகை போதாது என்று எழுதியவர். அதிலும் சுமார் 7,000 கோடி டாலர், எப்படியும் ஆண்டுதோறும் செய்யும் ஒரு வரித் திருத்தத்துக்கே போனது, அதைப் புது ஊக்கம் என்று எண்ணுவது கஷ்டம்.

கவனியுங்கள், ஒரே வரைபடம், ஒரே 10 சதவீதம். திட்டம் தோற்றது என்பவருக்கும் அது சான்று, திட்டம் சிறியது என்பவருக்கும் அது சான்று. வெறும் எண்ணைக் காட்டி யாரையும் மாற்ற முடியாது, எந்தக் கட்சியை நம்புகிறோமோ அந்தக் கட்சியின் விளக்கத்தோடுதான் எண் நம்மிடம் வந்து சேர்கிறது. கட்சி சார்பற்ற காங்கிரஸ் வரவுசெலவு அலுவலகம்கூட, 2010இன் இரண்டாம் காலாண்டில் இந்தச் சட்டத்தால் வேலையில் இருந்தவர்கள் 14 லட்சம் முதல் 33 லட்சம் பேர் வரை கூடுதல் என்று இடைவெளி விட்டுத்தான் சொன்னது.

2020, 2021: காசோலைகள்

ஜனநாயகக் கட்சி இந்த அனுபவத்திலிருந்து எடுத்துக்கொண்ட பாடம், அடுத்த தடவை பெரிதாகக் கொடு, கண்ணுக்குத் தெரியும்படி கொடு என்பது. டிரம்ப்புக்கு அதை யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. 2020 மார்ச்சில், கோவிட் பரவிய சில வாரங்களிலேயே, 2.2 லட்சம் கோடி டாலர் சட்டம் செனட்டில் 96-0 என்று நிறைவேறியது. ஆளுக்கு 1,200 டாலர், தபாலில் வந்த காசோலைகளில் டிரம்ப்பின் பெயர் அச்சாகியிருந்தது. 2021 ஜனவரியில் ஜார்ஜியா மாநிலத்தின் இரண்டு செனட் இடங்களுக்கு நடந்த தேர்தலில் 2,000 டாலர் என்பதே முழக்கமானது, இரண்டையும் ஜனநாயகக் கட்சி வென்றது.

அப்புறம் 2021 மார்ச்சில் பைடனின் 1.9 லட்சம் கோடி டாலர் சட்டம். 2009இல் செனட்டில் மூன்று பேராவது இருந்தார்கள், இந்தத் தடவை குடியரசுக் கட்சியிலிருந்து இரு அவைகளிலும் ஒரு வாக்கும் இல்லை. ஆனால் வாக்காளர்கள் அப்படிப் பிரியவில்லை: பியூ மையத்தின் கணிப்பில் 70 சதவீதம் பேர் ஆதரித்தார்கள், குடியரசுக் கட்சியைச் சேர்ந்தவர்களிலேயே 41 சதவீதம். கையில் 1,400 டாலர் வந்தால் கட்சி எல்லை கொஞ்சம் தளரும்.

வேலைவாய்ப்பைப் பொறுத்தவரை வேறுபாடு மலைக்கும் மடுவுக்கும். 2009இல் 10 சதவீதம் தொட்ட வேலையின்மை 5 சதவீதத்துக்கு வர ஆறு ஆண்டுகள் ஆனது. 2020 ஏப்ரலில் 14 சதவீதத்தைத் தாண்டியது, 2021 டிசம்பருக்குள் 4 சதவீதத்துக்குக் கீழே வந்துவிட்டது. 2021இல் குழந்தைகளுக்காக மாதாமாதம் வங்கிக்கணக்கில் பணம் போட்டார்கள், அரசு உதவிகளையும் வருமானமாகச் சேர்த்துக் கணக்கிடும் துணைநிலை அளவீட்டின்படி குழந்தைகள் வறுமை 5.2 சதவீதமாக விழுந்தது. அதை நிறுத்தியதும் அடுத்த ஆண்டே 12.4 சதவீதம். அதை நிறுத்தியது பெரும் தவறு என்றே எனக்குத் தோன்றுகிறது.

ஆனால் விலைவாசியும் ஏறியது. 2022 ஜூனில் பணவீக்கம் 9.1 சதவீதம், நாற்பது ஆண்டுகளில் காணாத அளவு. ஜனநாயகக் கட்சியின் முன்னாள் நிதியமைச்சர் லாரி சம்மர்ஸ் பள்ளத்தைவிட மண் அதிகம் என்று 2021 பிப்ரவரியிலேயே எச்சரித்திருந்தார். சப்ளை தடைகளும் உக்ரைன் போரும் பெரிய காரணங்கள்தான், மற்ற நாடுகளிலும் விலை ஏறியதுதான். இருந்தாலும் அமெரிக்கச் செலவுகள் 2021 இறுதிக்குள் பணவீக்கத்தில் சுமார் 3 சதவீதப் புள்ளிகளைக் கூட்டியிருக்கலாம் என்று சான் பிரான்சிஸ்கோ பெடரல் வங்கியின் ஆய்வாளர்கள் மதிப்பிட்டார்கள். 2009இல் குறைவு என்று சொன்ன பக்கத்தில் நிற்கும் நான், 2021இல் தொகை கூடிவிட்டது என்றும் ஒத்துக்கொள்வேன். இரண்டும் ஒரே கொள்கைதான், பள்ளத்தின் அளவு வேறு.

மக்கள் மனதில் இது எப்படிப் பதிந்தது என்பதில் ஒரு ஏற்றத்தாழ்வு இருக்கிறது. வேலை கிடைத்தால் அது என் திறமை, என் உழைப்பு. முட்டை விலை ஏறினால் அது அரசாங்கம். இரண்டும் ஒரே திட்டத்தின் விளைவாக இருக்கலாம் என்று வாக்குப்பெட்டிக்கு முன்னால் யாரும் கணக்குப் போடுவதில்லை, அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. எல்கார்ட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். 2016 ஜூனில் ஒபாமா அங்கே திரும்பிப் போனபோது வேலையின்மை ஏறத்தாழ 4 சதவீதம், வண்டித் தொழில் மீண்டிருந்தது. அந்த மாவட்டம் 2008, 2012 இரண்டு தேர்தல்களிலும் அவருக்கு எதிராகவே வாக்களித்திருந்தது, 2016இலும் குடியரசுக் கட்சிக்கே போனது.

ஆகவே இந்த விஷயத்தில் ஒரு கருத்துக்கணிப்பைப் பார்த்தால், மொத்தச் சதவீதத்தை விட்டுவிட்டு முதலில் கட்சிவாரியாகப் பிரித்த எண்களைத் தேடுங்கள். அதிபர் மாறிய மாதத்தில் அந்த எண்கள் எப்படி ஆடுகின்றன என்று பாருங்கள். மிச்சிகன் பல்கலைக்கழகம் நுகர்வோர் மனநிலையைப் பற்றி மாதந்தோறும் எடுக்கும் கணிப்பில், 2016 தேர்தலுக்குப் பிறகும் 2020 தேர்தலுக்குப் பிறகும் இரு கட்சி ஆதரவாளர்களின் மதிப்பீடு ஒரே பாய்ச்சலில் இடம் மாறியது, அந்தச் சில வாரங்களில் அவர்களுடைய சம்பளமோ கடை விலையோ அப்படி மாறிவிடவில்லை. அப்புறம் கேள்வி எப்படிக் கேட்கப்பட்டது என்று பாருங்கள். ஊக்குவிப்புச் செலவு என்று மொத்தமாகக் கேட்டால் முகம் சுளிப்பவர்கள், பாலம் கட்டலாமா, வேலையிழந்தவருக்கு உதவித்தொகையை நீட்டிக்கலாமா என்று தனித்தனியாகக் கேட்டால் சரி என்பார்கள்.

திட்டம் உதவியதா என்பதும் அந்த விலைக்குத் தகுமா என்பதும் வெவ்வேறு கேள்விகள் என்பதையும் மறக்க வேண்டாம். 2012இல் சிகாகோ பல்கலைக்கழகம், பல கருத்துநிலைகளைச் சேர்ந்த முன்னணிப் பொருளாதார வல்லுநர்களிடம் இரண்டையும் தனித்தனியாகக் கேட்டது. 2009 சட்டத்தால் வேலையின்மை குறைந்ததா என்பதற்கு 80 சதவீதம் பேர் ஆம் என்றார்கள். நீண்டகாலக் கடனையும் வட்டியையும் சேர்த்துப் பார்த்தால் நன்மை அதிகமா என்று கேட்டபோது ஆம் என்றவர்கள் பாதிக்கும் குறைவு, மற்றவர்களில் பலர் உறுதியாகச் சொல்ல முடியாது என்றார்கள். தொலைக்காட்சியில் கட்சிக்காரர்கள் சண்டை போடுவது பெரும்பாலும் முதல் கேள்வியைப் பற்றி. மக்கள் நேரம் செலவழித்து விவாதிக்க வேண்டியது இரண்டாவதைப் பற்றி: எவ்வளவு, யாருக்கு, எப்போது நிறுத்துவது, யார் திருப்பிக் கட்டுவது.